விற்காத பங்குக்கும் வரி உண்டு



நான் செய்த தவறு ஒன்றை இங்கு எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவதால், இது சிலருக்கேனும் பயன்படக்கூடும்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், அமெரிக்க நிறுவனமொன்றின் சென்னைக் கிளையில் பணியாற்றுகிறார். ஒருநாள் தொலைபேசியில், "ஹஜ்ரத், சம்பளத்தோடு கம்பெனிப் பங்குகளும் தருகிறார்கள். விற்றுப் பணம் வந்தால்தானே வரி?" என்று கேட்டார். "ஆமாம் தம்பி, பணம் வராமல் வரி ஏது?" என்றேன். ஜகாத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் கிதாபைத் திறந்து பார்த்திருப்பேன். வரிதானே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஆண்டு அவர் மனம் நொந்து நேரில் வந்தார். 100 பங்குகள் தருவதாகச் சொன்ன நிறுவனம், 68 மட்டுமே கணக்கில் சேர்த்திருந்தது. ஏமாற்றப்பட்டதாகவே அவர் எண்ணினார். இருவரும் ஓர் ஆடிட்டரிடம் சென்றோம்.

நிபந்தனைக் காலம் முடிந்து பங்குகள் ஊழியரின் பெயருக்கு வரும் நாளில், அவற்றின் அன்றைய சந்தை மதிப்பு முழுவதும் ஊதிய வருமானம் என அவர் விளக்கினார். ஒரு பங்கு 2,000 ரூபாய் என்றால் 100 பங்குகளுக்கு 2 லட்சம். 30 விழுக்காடு வரியும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்ந்தால் 62,400 ரூபாய். அதைச் செலுத்தவே 32 பங்குகள் விற்கப்பட்டிருந்தன.

பின்னர் விற்கும்போது, அந்த 2,000 ரூபாய்க்கு மேல் வரும் லாபத்திற்கு மட்டுமே மூலதன ஆதாய வரி. அயல்நாட்டுப் பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் 12.5 விழுக்காடு, இல்லையெனில் அவரவர் வருமான விகிதம். விலை 1,500 ஆகச் சரிந்தாலும் முன்பு கட்டிய வரி திரும்பாது. அந்த நட்டத்தை ஊதியத்தில் கழிக்க இயலாது. 8 ஆண்டுகள் வரை மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம்.

இறுதியாக ஆடிட்டர் கேட்டார்: "வருமான வரிக் கணக்கில் அயல்நாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பினீர்களா?" விற்காத பங்கையும் அதில் காட்ட வேண்டும். என் சொல்லை நம்பி மாணவர் காட்டியிருக்கவில்லை. மறைத்தது 20 லட்சத்தைத் தாண்டினால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் இடமுண்டு. அவருடைய தொகை சிறியது. காலக்கெடுவுக்குள் திருத்திய கணக்கும் தாக்கல் செய்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வெட்கம் என்னவெனில், இதன் விடை நான் நாள்தோறும் நடத்தும் பாடத்திலேயே இருந்தது. பொருள் நம் முழு உடைமையாகும் நாளிலிருந்தே ஜகாத்தின் கணக்கும் தொடங்குகிறது. விற்றால்தான் கடமை என்று அங்கும் நாம் சொல்வதில்லை. நிபந்தனை முடியாத பங்குக்கு ஜகாத் இல்லை. கைக்கு வந்த 68 பங்குகளை மற்ற செல்வத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கட்டிய வரி ஜகாத்துக்கு ஈடாகாது.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஹஜ்ரத்" என்று அவர் சிரித்தார். இப்போது இத்தகைய கேள்விகள் வந்தால், "தெரியாது தம்பி, ஆடிட்டரிடம் கேளுங்கள்" என்று சொல்கிறேன். அறியாததை அறியேன் எனச் சொல்லும் துணிவையும், கணக்கில் நேர்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.