தலைநகருக்கு ஒரே வாக்கு

கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். இரண்டு ஊரிலும் அதே தமிழ், அதே வாழையிலைச் சாப்பாடு. ஆனால், வாக்குச்சாவடியில் மட்டும் இவ்விரு ஊராரும் சமமில்லை.

2022 நவம்பர் பொதுத்தேர்தலில் கிள்ளானில் நானும் பிரிக்பீல்ட்ஸில் என் அத்தை மகளும் முதன்முறையாக வாக்களித்தோம். 2023 ஆகஸ்டில் சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தல் வந்தது. மீண்டும் என் விரலில் மை. "எங்களுக்கு எப்போ?" என்று கேட்டாள் அவள். அவர்களுக்குச் சட்டமன்றமே இல்லை!

1974 பிப்ரவரி 1ஆம் நாள், சிலாங்கூரின் தலைநகராக இருந்த கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. இன்று அதற்கு 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்ளனர். ஆனால், மாநகரை நிர்வகிக்கும் டத்தோ பண்டாரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மத்திய அரசே முடிவு செய்கிறது. இதன் விளைவு 2008இல் தெளிவாகத் தெரிந்தது. அத்தேர்தலில் சிலாங்கூர் மக்கள் மாநில ஆட்சியையே மாற்றினார்கள். கோலாலம்பூரிலோ 11 தொகுதிகளில் 10 எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்தும் மாநகர நிர்வாகம் மத்திய அரசின் கையிலேயே இருந்தது. 2010இல் இரு நாட்டுப் பிரதமர்கள் திறந்து வைத்த பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' நமக்குப் பெருமைதான். ஆனால், அத்தெருவாசிகள் சார்பில் மாநகர் மன்றத்தில் பேச, அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. கோலாலம்பூரில் 1952இல் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976இல் சட்டப்படி ஒழிந்தன. 1957இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானவர் டி.எஸ். இராமநாதன். ஊராட்சித் தேர்தல் மீண்டும் வேண்டுமென்று 1968இல் அறிக்கை அளித்த அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். இருவரும் தமிழர்கள்! தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த எனக்கு, இப்பெயர்கள் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே தெரிந்தன.

தலைநகரம் நாட்டுக்கே பொது; மத்திய அரசின் பிடி அவசியம் என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால், டில்லியும் தலைநகரம்தான். அதற்குச் சட்டமன்றமும் முதலமைச்சரும் உண்டு. இலண்டன் மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காகக் கிள்ளான்காரர்கள் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. 2024இல் அரச மாநகரான கிள்ளானின் மன்ற உறுப்பினர்களும் மாநில அரசு நியமிப்பவர்களே.

தோழர்களே, கால்வாய், தெருவிளக்கு, அங்காடிக்கடை உரிமம் என நம் அன்றாட வாழ்வைத் தொடுவது ஊராட்சிதான். அங்கேதான் நமக்கு வாக்கில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "ஆதி நாகப்பன் அறிக்கை எப்போது நடைமுறைக்கு வரும்?"