வடகடலில் மதுரைக் கிணறுகள்

திங்கள்

மதுரை மாவட்டத்துக் கண்மாய்களையும் அவற்றின் ஆயக்கட்டிலுள்ள கிணறுகளையும் ஒரே படத்தில் சேர்க்கும் காரியம் நடந்துகொண்டிருக்கிறது. கைபேசியில் கிணறுகளின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு வந்த மாணவி, அவற்றைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் திரையையே பார்த்திருந்து, "சார், ஒரு கெணத்தையும் காணோம், திரை வெறிச்சுன்னு கெடக்கு" என்றாள். கிணறுகளின் லேயர் எங்கே இருக்கிறதோ அங்கே எங்களைக் கொண்டுபோய் விடும்படி மென்பொருளுக்குக் கட்டளையிட்டதும், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே, மனுஷ சஞ்சாரமற்ற வட சமுத்திரத்தில், உசிலம்பட்டி முதல் மேலூர் வரையிலான சகல கிணறுகளும் ஒரு சிறு கும்பலாகத் தென்பட்டன. மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 9.9 பாகை, தீர்க்கரேகை 78.1 பாகை. நாம் பேச்சில் அட்சரேகையை முன்னே சொல்லிப் பழகியிருக்க, மென்பொருளோ எக்ஸ் என்ற புலத்தில் தீர்க்கரேகையை எதிர்பார்க்கிறது. இரண்டையும் இடம் மாற்றியதும் கிணறுகள் ஊர் திரும்பின.

செவ்வாய்

மாவட்ட எல்லைப் படம் ஓர் அலுவலகத்திலிருந்து ஷேப்ஃபைலாக வந்தது. பெயரில் ஒருமையாயினும் ஷேப்ஃபைல் என்பது உருவத்துக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, சுட்டுக்கு ஒன்று என்று பல கோப்புகள் கூடி நடத்தும் சம்சாரம்; அதில் எண்களைப் பூமியின் இடங்களோடு பொருத்தும் ஆயமுறை இன்னதென்று சொல்லும் பி.ஆர்.ஜே. கோப்பை அனுப்பியவர் விட்டுவிட்டார். லேயரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி முளைத்திருந்தது.

இவ்விடத்தில் ‘ரீப்ரொஜெக்ட்’ என்ற கருவியை நாடுவது பலருடைய வழக்கம். அது அனர்த்தத்தையே விளைவிக்கும். ஆயமுறையை மாற்றுவது வேறு, இருக்கிற ஆயமுறை இன்னதென்று அறிவிப்பது வேறு: முன்னது எண்களையே புதிதாகக் கணித்து எழுதுவது, பின்னது எண்களைத் தொடாமல் அவற்றின் பொருளை மட்டும் சொல்வது. நமக்கு வேண்டியது பின்னதே. எல்லைக் கோட்டின் எண்கள் நகரை ஒட்டி 1,84,000 என்றும் 10,98,000 என்றும் வந்தபடியால், அவை பாகைகளல்ல, மீட்டரில் அளந்த யுடிஎம் ஆயங்கள் என்பது ஊகிக்கத்தக்கதே. ஆனால் எந்த மண்டலம்? பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாக வகுக்கும் அம்முறையில், 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் சந்திக்கும் 78 பாகைக் கோடு மதுரை மாவட்டத்தின் ஊடாகவே செல்கிறது. உசிலம்பட்டி அதற்கு மேற்கே, மதுரை நகரம் கிழக்கே. 43 என்று அறிவித்துப் பார்த்தோம். மீனாட்சி பட்டணம் இலட்சத்தீவுகளுக்கு அருகே அரபிக் கடலில் இறங்கிற்று. 44 என்றதும், அதாவது இபிஎஸ்ஜி 32644 என்றதும், எல்லையும் கிணறுகளும் பொருந்தின.

வியாழன்

கண்மாய்ப் பெயர்களெல்லாம் விகார எழுத்துகளாகத் தோன்றின. லேயரின் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று அறிவித்ததும் தெளிந்தன. ஷேப்ஃபைலில் புலப்பெயருக்கு 10 பைட்டுகளே இடம். யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட்டு கொள்வதால், ‘கண்மாய்’ என்று தலைப்பிட்டால் ‘கண்’ணோடு நின்றுவிடுகிறது. ஆகையால் சகலத்தையும் அந்த வரம்பில்லாத ஜியோபேக்கேஜாகச் சேமித்துவைத்தேன்.

வெள்ளி

கண்மாய்களை எல்லைக்குள் வெட்டியெடுக்கும்போது, ஒரு கண்மாயின் வடிவம் செல்லாதது என்ற செய்தியுடன் காரியம் நின்றது. வரைந்தவர் கரையின் வளைவில் இரண்டு புள்ளிகளை முன்பின்னாக வைத்துவிட்டார். கோடு தன்னையே குறுக்கே கடந்து, சோளப் பொரியளவில் ஓர் எட்டு உருவத்தை உண்டாக்கியிருந்தது. செல்லாத வடிவங்களைப் பொருட்படுத்தாதே என்று அமைத்துவிட்டு மேலே போகலாம். அந்தச் சலுகையை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. வடிவத்தைத் திருத்தும் கருவியை ஏவி, அது செய்த திருத்தத்தையும் கரையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

நின்றுபோகும் காரியத்தைவிட, நில்லாமல் நடந்து பொய்யான விடையைத் தரும் காரியமே எனக்கு அச்சத்தைத் தருகிறது. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இந்த மென்பொருள், சொன்னதை நம்பும் சுபாவமுடையது. இணைய வரைபடங்கள் வழங்கும் மெர்கேட்டர் முறையில் கண்மாய் லேயரை வைத்துக்கொண்டு, ஏரியா என்ற சூத்திரத்தால் பரப்பைக் கேட்டால், மதுரையின் அட்சரேகையில் 100 ஹெக்டேர் கண்மாய் ஏறக்குறைய 104 ஹெக்டேர் என்று விடை வருகிறது. எச்சரிக்கை ஏதும் கிடையாது. அதே வினாவை டாலர் குறியிட்ட ஏரியா என்ற சூத்திரத்தால் கேட்டால், திட்டத்தில் குறித்த நீள்கோளத்தின் மேல் கணித்துச் சரியான விடை சொல்கிறது. நான்கு ஹெக்டேர் நிலத்துக்காக நம் ஊர்களில் கோர்ட் வாசலேறியவர்களை நான் அறிவேன்.

சனி

பழைய சர்வே தாளொன்றை ஸ்கேன் செய்து படத்தின் மேல் பொருத்தினோம். தாளிலுள்ள பாகைக் கோடுகளின் சந்திப்புகளை ஜாக்கிரதையாகக் குறித்திருந்தும், கண்மாய்க்கரைகள் யாவும் ஒரே திசையில் சில நூறு மீட்டர் விலகி நின்றன. ஒரே திசையில் ஒரே அளவாக நேரும் விலகல், கைப்பிசகினால் வருவதன்று. 1802-இல் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மகா சர்வேயின் வழியில், எவரெஸ்ட் 1830-இல் கணித்த நீள்கோளத்தின் மேல் அத்தாள் வரையப்பட்டது. அதன் பூமத்திய ஆரம் இன்றைய டபிள்யூஜிஎஸ் 84-ஐவிட ஏறத்தாழ 861 மீட்டர் குறைவு, மையமும் வேறு. தாளின் பாகைகள் எவரெஸ்ட் பாகைகள் என்று முதலில் அறிவித்து, பிறகே இன்றைய முறைக்கு மாற்றியபோது கரைகள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

பெரும்பாலும்தான், எஞ்சிய பிழையை, நாங்கள் குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் அட்டவணை மறைக்காமல் காட்டுகிறது. அந்த அளவைப் படத்தின் மூலையில் அச்சிட வேண்டும் என்றேன். படம் அழகு கெடும் என்பது மாணவியின் ஆட்சேபம். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கச் சம்மதித்தேன்.