பழைய ஆலைக் கண்காட்சியும் கள்ளுக்கடைப் பலகையும்

 

இந்த வருஷத் திருவிழாவில் நம்ம தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலையில் நாங்கள் வைத்த கண்காட்சியைப் பற்றி நிறைய பேர் கேட்டீங்க. பலர் பாராட்டினீங்க. ஒரு பலகையைப் பார்த்துச் சிலர் வருத்தப்பட்டீங்க. அதனால் நடந்ததை முழுசா சொல்லிடறோம்.

பால் மரங்களை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு அந்த ஆலை சும்மாதான் கிடந்தது. ரெண்டு வாரம் கூட்டிக் கழுவினோம். புகை போட்ட அறையின் சுவர் இன்னும் கறுப்பாவே இருக்கு. பாலை உறைய வைத்த தொட்டி, அதில் சொருகிய தகடுகள், சீட்டு உருட்டிய இயந்திரம் எல்லாம் நகர்த்த முடியாத கனம், இருந்த இடத்திலேயே விட்டுட்டோம். வீடு வீடா கேட்டு உளி, மங்கு, காண்டா, வாளி, பழைய சம்பளச் சீட்டு, கோயில் வரி எழுதின நோட்டுப் புத்தகம் எல்லாம் சேர்த்தோம்.

இதற்கு முன்னாடி, தேவார வகுப்புப் பிள்ளைகளை மெர்போக்கில் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். புக்கிட் பத்து பஹாட் சண்டியைப் பார்த்ததும் பிள்ளைங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்டது 2013-இல் வெளியே தெரிய வந்ததையும் அவங்களுக்குச் சொன்னோம். ஆயிரம் வருஷத்துக் கட்டுமானத்துக்கே அந்த நிலைமைன்னா, நம்ம தகரக் கொட்டகையும் நோட்டுப் புத்தகமும் எத்தனை நாளைக்கு? அந்தக் கவலையில்தான் வேலையை ஆரம்பித்தோம்.

இப்போ அந்தப் பலகைக்கு வருவோம். முன்பெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளக் காசில் பாதி அங்கேயே போயிடும். ஜப்பான்காரன் போன பிறகு, நம்ம கெடாவில் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்து அதை எதிர்த்தாங்க. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் அது பெருசா வளர்ந்தது. 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலின்போது போலீசோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பிறகு வேலைநிறுத்தம், கைது, சிறை. இதைத்தான் பலகையில் எழுதினோம்.

திருவிழாவுக்கு முதல் நாள் சில பெரியவங்க, "அம்மன் திருவிழாவுக்கு வர்ற பிள்ளைங்க கள்ளுக்கடைக் கதையா படிக்கணும்?" என்று கேட்டாங்க. அவங்க கேட்டதிலும் நியாயம் இருந்தது. பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தோம்.

அன்று சாயங்காலம் பூ கட்ட வந்த ஒரு பாட்டி ஆலையைச் சுற்றிப் பார்த்தாங்க. திருப்பி வைத்த பலகையைப் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னாங்க. கேட்டு முடித்ததும் சொன்னாங்க: "சம்பள நாள்னா எங்கம்மா என்னையத் தூக்கிக்கிட்டு கள்ளுக்கடை வாசல்ல நிப்பா. அப்பா கையில மிஞ்சினதை வாங்கிக்கிட்டு நேரா இங்க வந்து உண்டியல்ல அஞ்சு காசு போடுவா. அப்புறந்தான் அரிசி வாங்கப் போவா. இந்தக் கோயிலு அந்தக் காசுலயும் கட்டுனதுதான் தம்பி. அத ஏன் மறைக்கிறீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில், தலைவர்கிட்ட சொல்லிட்டு, பலகையை மறுபடி மாட்டினோம்.

இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்றோம். கள்ளு போனது, சம்சு வந்தது, இப்போ வேற வேற பாட்டில். ரத ஊர்வலம் முடிந்த மறுநாள் காலையில் கோயில் பின்பக்கம் அந்தப் பாட்டில்களைப் பொறுக்குவதும் நாங்கள்தான். குடியை எதிர்த்து நம்ம தாத்தாக்கள் அடி வாங்கியிருக்காங்க, ஜெயிலுக்குப் போயிருக்காங்க என்று பிள்ளைங்களுக்குத் தெரிந்தால், சாமி பேரைச் சொல்லிக் குடிக்க யாராவது கூப்பிடும்போது ஒரு நிமிஷமாவது யோசிப்பாங்க என்று நம்புறோம்.

கண்காட்சிப் பொருள்களை இப்போது ஆலய மண்டபத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். உங்க வீட்டில் பழைய படம், செக்ரோல், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. படம் எடுத்துட்டு அன்றைக்கே திருப்பித் தந்துடுவோம். படத்தில் இருப்பவங்க பேர் தெரிந்தால், அதை மட்டும் மறக்காமல் எழுதிக் கொடுங்க. பேர் தெரிந்த பெரியவங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

அம்மன் அருள் அனைவருக்கும் கிடைக்கட்டும்.

ஆலயத் தொண்டர்கள்