லோகார்னோ: ஏரிக்கரையில் கிடைத்த சம ஆசனம்

சுவிட்சர்லாந்தின் தெற்கே, மஜோரே ஏரிக்கரையில் இருக்கும் சிறிய ஊர் லோகார்னோ. பேச்சுமொழி இத்தாலியன். குன்றின் மேல் மடோன்னா டெல் சாஸ்ஸோ மாதா கோயில். ஏறிச்செல்ல விஞ்ச் ரயில். ஆகஸ்ட் மாதத்தில் பியாட்சா கிராண்டே சதுக்கத்தில் திறந்தவெளித் திரைப்பட விழா களைகட்டும்.

1925 அக்டோபரில் உலகமே இந்த ஊரைக் கவனித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜெர்மனியில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க்! புதிய நாணயமும், 1924-ல் டாஸ் திட்டப்படி கிடைத்த கடனும் அந்த நாட்டை மூச்சுவிட வைத்தன.

போரில் தோற்ற நாடாக 1919-ல் வெர்சாயில் தலைகுனிந்து கையெழுத்திட்ட ஜெர்மனி, இங்கே பிரெட்டோரியோ மாளிகையில் சரிசமமாக உட்கார்ந்தது. அதன் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரேஸமான், பிரான்சின் பிரியாண்ட், பிரிட்டனின் ஆஸ்டின் சேம்பர்லின் ஆகியோர் 'ஆரஞ்சுப் பூ' என்று பொருள்படும் பெயர்கொண்ட படகில் ஏரியைச் சுற்றியபடியும் பேசினார்கள். மேற்கு எல்லையை மாற்ற முயலமாட்டோம் என்று ஜெர்மனி வாக்களித்தது. கிழக்கே போலந்து எல்லைக்கு அந்த வாக்கு இல்லை.

1926-ல் ஜெர்மனிக்குச் சர்வதேச சங்கத்தில் இடம் கிடைத்தது. ஸ்ட்ரேஸமானுக்கும் பிரியாண்டுக்கும் நோபல் அமைதிப் பரிசு.

1929 அக்டோபர் 3-ல் ஸ்ட்ரேஸமான் மறைந்தார். அதே மாதம் நியூயார்க் பங்குச்சந்தை சரிய, அமெரிக்கக் கடன் வற்றியது. ஜெர்மனியில் வேலையின்மை பெருகியது. 1936 மார்ச் 7-ல் ஹிட்லரின் படைகள் ரைன்லாந்தில் நுழைந்தன. லோகார்னோ வாக்கு வெறும் காகிதமானது.

மாளிகை இன்றும் நிற்கிறது. சூரிச்சிலிருந்து பெல்லின்சோனா வழியாக ரயிலில் வரலாம். மாதா கோயிலுக்கு ஏறும்முன் அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.