வாளியில் தனியே துவைத்த துணி



அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை புரிந்த அனஸ் (ரலி) அவர்களைப் பற்றிச் சென்ற வாரம் மதரஸாவில் பாடம் நடத்தினோம். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நபியவர்கள் தம்மைச் 'சீ' என்று சொன்னதில்லை என அவர்களே அறிவிக்கின்றார்கள். பாடம் முடிந்ததும் பத்து வயது மாணவி ஒருத்தி, "உஸ்தாத், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பிள்ளைக்கும் என் வயதுதான். அவள் ஏன் ஓத வருவதில்லை?" என்று கேட்டாள்.

நமக்கு விடை வரவில்லை. நினைவுக்கு வந்தவர் ஷைமா ஹால்.

எகிப்தில் வறிய குடும்பத்தில் பிறந்த ஷைமாவை எட்டு வயதில் பெற்றோரே ஒரு செல்வர் வீட்டில் வேலைக்கு விட்டனர். நம்மைப் போன்றே பெயர் தாங்கிய குடும்பம் அது. அவர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரையும் கொண்டு சென்றனர். படுக்கை, கார் நிறுத்தும் கொட்டகையில், சன்னலில்லாத அறை. பள்ளிக்கூடம் கிடையாது. அவர் துணியை வீட்டு இயந்திரத்தில் போடலாகாது. வாளியில் தனியே துவைத்துக்கொள்ள வேண்டும்.

2002இல் பெயர் சொல்லாத ஒருவர் அதிகாரிகளுக்குத் தகவல் தந்தார்; ஷைமா மீட்கப்பட்டார். ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினார். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவர், பிள்ளைப் பருவம் கழியும் வேளையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். வளர்ப்பு இல்லங்கள் மாறின. வேலைக்கு வைத்திருந்த தம்பதியர் சிறை சென்றனர். 2011இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 2014இல் தம் கதையை 'ஹிட்டன் கேர்ள்' என்னும் நூலாக வெளியிட்டார்.

அந்த வாளியை நம்மால் கடந்துபோக இயலவில்லை. நம் சிறுபிராயத்தில் நம் வீட்டிலும் ஒரு சிறுமி இருந்தாள். அடிக்கவில்லை, வையவில்லை, பெருநாளைக்குப் புதுத்துணியும் எடுத்துக் கொடுத்தோம். ஆயினும் அவளுடைய தட்டு அடுப்படிச் சன்னலோரம் தனியே இருந்தது. நாம் ஓதும்போது வாசற்படியில் நின்று கேட்பாள். உள்ளே வந்து உட்கார் என்று ஒருவரும் சொன்னதில்லை, நாமும் சொன்னதில்லை. இன்று அவள் எங்கிருக்கின்றாள் என்பதையும் அறியோம்.

அஸருக்குப் பின் மாணவியின் வாப்பாவைச் சந்தித்தோம். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதல் சட்டப்படி குற்றம் என்றோம். "ஏழைப் பிள்ளை, நாங்கள் ஆதரிக்கின்றோம் ஹஜ்ரத்" என்றார். நம் உம்மாவும் அதையே சொல்வார்கள். ஆதரிப்பதானால் வேலை வாங்காமல், பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஆதரியுங்கள் என்றோம். வெகுநேரம் பேசாதிருந்தார்.

நாளை மீண்டும் போகின்றோம்.