மேளம் அடிக்கிற பையனைப் பார்த்து ‘ஊ...’ கொட்டலாமா?

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தத் தெருவில் மேளச் சத்தம் கேட்டாலும், அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடித் திருவிழா, சர்ச் தேர் பவனி, ஒரு பெரியவரின் கடைசி ஊர்வலம் என எதுவானாலும் சரி. அவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வருவதில்லை; அடி சரியாக விழுகிறதா என்று கேட்கவும் வருகிறார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கிற பையன் அரை நொடி பிந்தினால்கூடக் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். உடனே கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு ‘ஊ...’ கிளம்பும். ஒருவர் ஆரம்பித்தால் போதும், பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள்.

ஊர்வலத்தில் இது பெரிய விஷயமில்லை. அடுத்த திருப்பத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால், அதே பையன் போட்டி மேடையில் நிற்கும்போது? பள்ளி பேண்டு போட்டி, பறையாட்டப் போட்டி, கானா கச்சேரி என்று மார்க்கோ பெயரோ பரிசோ பணயத்தில் இருக்கும் இடத்தில் கூட்டம் ‘ஊ...’ கொட்டலாமா? “காசு கொடுத்து வந்திருக்கோம், பிடிக்கலைன்னா கத்துவோம்” என்பது ஒரு கட்சி. “குழந்தைங்கப்பா, விட்டுடுங்க” என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் மேளம் அடிக்கிறவன் எந்த நிலைமையில் நிற்கிறான் என்பதைப் பார்ப்பதில்லை.

தமிழில் இந்தக் கூச்சலுக்கு நிலையான அர்த்தம் கிடையாது என்பது ஒரு வேடிக்கை. 2002-ல் ‘ஜெமினி’ படம் வந்த பிறகு ‘ஓ போடு’ என்றால் பாராட்டு. கொஞ்ச காலம் கழித்து, யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று பதிவு செய்கிற 49-ஓ விதிக்கும் அதே ‘ஓ போடு’ பிரசாரமானது. இங்கே கைதட்டலுக்கும் நிராகரிப்புக்கும் ஒரே எழுத்துதான். எது எது என்று புரிந்துகொள்ள, போடுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மேளக்காரப் பையனுக்கு முகத்தைப் பார்க்க நேரம் ஏது? அவன் கண் பேண்டு மாஸ்டரின் கோல் மேல் இருக்கிறது.

கூச்சல் போடுகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால், வடசென்னையின் பெருமைக்குரிய விளையாட்டு ஒன்று கூட்டத்தின் சத்தத்திலேயே வளர்ந்தது. குத்துச்சண்டை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று மோதிய காலத்தை, பா.இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-ல் வீட்டு டிவிக்கே கொண்டுவந்தது. அந்தப் படத்தில் ரிங்கைச் சுற்றி இருக்கும் சத்தத்தை எடுத்துவிட்டால் பாதி கதை போய்விடும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஆளுக்கு அன்று மாலை ரிங் ஓரம் ஒரு இடம் கிடைத்தது. அங்கே அவர்தான் ராஜா. நடுவர் தப்பு செய்தால் கத்தினார். வீரர் பயந்து ஒதுங்கினால் இன்னும் பெரிதாகக் கத்தினார். வேறு எங்கும் அவர் பேச்சு எடுபடவில்லை, அங்கே எடுபட்டது. அந்த உரிமையை ‘நாகரிகமில்லை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது, ஏசி அரங்கில் உட்கார்ந்து பழகியவர்கள் சொல்கிற தீர்ப்பு.

ஆனால், ரிங்கில் நிற்கிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம். கூட்டம் கத்தினால் அடுத்த ரவுண்டில் குத்திலேயே பதில் சொல்லலாம். கானா பாடுகிறவருக்கும் அந்த வசதி உண்டு. கீழே ஒருவர் கிண்டலாக ஒரு வார்த்தை விட்டால், அதையே பிடித்து, எதுகை மோனையோடு திருப்பி அடித்துவிட்டுப் பாட்டைத் தொடர்வது ஒரு திறமை. அப்படி ஒரு பதில் வரும்போது, கிண்டல் செய்த ஆளே முதலில் விசில் அடிப்பார். சில நேரம் கூட்டம் கத்துவதே அந்தப் பதிலைக் கேட்கத்தான். அது ஒருவகைப் பேச்சுவார்த்தை.

பேண்டில் நிற்கிற பையனுக்கு அது முடியாது. வரிசையில் அவன் முப்பதில் ஒருவன். இடது கால், வலது கால், இத்தனை அடிக்கு ஒரு திருப்பம் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவானது. அவனுக்குத் தனியாக ஒரு அடிகூடச் சொந்தமில்லை. ‘ஊ...’ என்று காதில் விழுந்த பிறகும் அதே முகத்தோடு அதே அடியை அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வாயைத் திறந்தால் மார்க் போய்விடும். பதில் சொல்ல முடியாதவரைப் பார்த்துக் கத்துவது எப்படிப் பேச்சுவார்த்தையாகும்?

இதில் தோலின் கதை வேறு இருக்கிறது. காசிமேட்டுப் பக்கம் மாலையானால் கடல்காற்றின் ஈரம் எல்லாவற்றிலும் ஏறும், அப்பளம் முதல் பறைத் தோல் வரை. ஈரம் ஏறிய தோல் தளர்ந்துவிடும். அதனால்தான் பறை அடிக்கிறவர்கள் காகிதமோ வைக்கோலோ கொளுத்தி, அந்தச் சூட்டில் பறையைக் காய்ச்சுகிறார்கள். தோல் இறுகினால்தான் ‘டண்’ என்று கேட்கும், இல்லாவிட்டால் ‘தொப்’. போட்டியில் ஒரு குழுவை வரிசை எண்படி அழைத்துவிட்டு, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று முக்கால் மணி நேரம் ஓரமாக நிற்கவைத்தால், காய்ச்சிய சூடு முழுக்க வீணாகும். பிறகு மேடையில் ‘தொப்’ என்று கேட்கும்போது, கூட்டம் பையன்களைப் பார்த்துக் கத்தும். உண்மையில் அந்த ‘ஊ...’ போய்ச் சேர வேண்டிய இடம் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்த மேடை. இப்போது பலர் ஃபைபர் பறைக்கு மாறியதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

பேண்டு வாத்தியத்தைப் பெரிய விளையாட்டாகவே நடத்துகிற நாடு அமெரிக்கா. டிரம் கோர் என்று பெயர். பித்தளை ஊதுகருவிகள், டிரம், கொடி சுழற்றுகிறவர்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒரு கால்பந்து மைதானம் முழுக்க ஓடியாடி வாசிப்பார்கள். 1972 முதல் இதற்கென்றே ஒரு அமைப்பு போட்டி நடத்துகிறது. கோடை விடுமுறை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்துத் தூங்கி, வெயிலில் பயிற்சி செய்து வாசிக்கிறவர்கள் அவர்கள்.

1993-ல் அங்கே ஒரு சம்பவம். 1991-ல் பட்டம் வென்ற ‘ஸ்டார் ஆஃப் இந்தியானா’ குழு, அந்த வருடம் வழக்கமான கைதட்டல் வாங்கும் மெட்டுகளை விட்டுவிட்டு, பார்டோக், சாமுவேல் பார்பர் ஆகியோரின் கடினமான இசையை எடுத்துக்கொண்டது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரசிகர்களில் ஒரு பகுதிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததைச் சத்தமாகவே காட்டினார்கள். இருபது வயதுக்கு முன்னும் பின்னுமான அந்தப் பிள்ளைகள் காதில் ‘பூ...’ விழுந்தது. மெட்டைத் தேர்ந்தெடுத்தது அவர்களா? இல்லை. பயிற்சியாளர்களும் இசையமைப்பாளர்களும் எடுத்த முடிவு அது. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் நடந்த இறுதிப் போட்டியில் அவர்கள் வாங்கிய மதிப்பெண் 97.3. முதலிடம் பிடித்த குழுவுக்கு 97.4. தோற்றது 0.1-ல். அந்த வருடத்தோடு அந்தக் குழு போட்டியை விட்டே விலகியது. பிறகு அதே குழுவினர் உருவாக்கிய ‘பிளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சி பிராட்வே வரை போய், 2001-ல் டோனி விருது வாங்கியது. பெரியவர்களுக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால், வயது வரம்பு காரணமாக அந்த வருடமே கடைசி என்று வாசித்தவர்களுக்கு, கடைசிக் கோடை அந்தக் கூச்சலோடுதான் போனது.

சரி, நம் ஊரில் நாகரிகமானவர்கள் என்ன செய்கிறார்கள்? திருவொற்றியூர் ஒரு பக்கம் மேளத்துக்குப் பேர்போன ஊர் என்றால், இன்னொரு பக்கம் கர்னாடக இசையின் ஊரும்கூட. இங்குள்ள திரிபுரசுந்தரி அம்மன் மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்றே அறியப்படுகின்றன. அந்தக் கீர்த்தனைகளை இப்போது கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டித் தெற்கே போக வேண்டும், மார்கழி சபாக்களுக்கு. அங்கே யாரும் ‘ஊ...’ கொட்டுவதில்லை. ஆனால் மிருதங்கக்காரருக்கு என்று ஒதுக்கிய நேரம், தனி ஆவர்த்தனம், ஆரம்பித்ததும் நாற்காலிகள் காலியாவதைப் பார்க்கலாம். மூன்று மணி நேரக் கச்சேரியில் தாளக்காரருக்குச் சொந்தமான பத்து, பதினைந்து நிமிடம் அதுதான். அப்போதுதான் கேன்டீனில் அடை அவியல் சூடாக இருப்பதாகப் பலருக்கும் ஞாபகம் வருகிறது. இதை அந்த உலகத்தினரே வருத்தத்தோடும் நகைச்சுவையோடும் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ராயபுரத்துக் கூட்டம் கத்தும், ஆனால் கடைசி அடி வரை நின்று கேட்கும். இரண்டில் எது பெரிய அவமானம் என்று மிருதங்கக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. எல்லா மேளமும் இங்கே ஒரே மரியாதையோடு பிறக்கவில்லை. ‘சாவு மேளம்’ என்ற சொல்லே பல வாய்களில் ஒரு வசவு. அடித்தவர்களின் சாதியைச் சொல்லாமல் சொல்கிற சொல் அது. சட்டி, கட்டமோளம், பறை எல்லாம் ஊர்வலத்தோடு நிற்க வேண்டும், மேடைக்கு வரக் கூடாது என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறையாக மேடையேறியபோது, அந்த வாத்தியங்களும் கானாவும் விளக்கு வெளிச்சத்தில் நடு மேடைக்கு வந்தன. அந்தக் குழுவில் பாடிய ஒரே பெண், ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. கானா மேடை ஆண்களுக்கே என்றிருந்த வழக்கத்தை உடைத்ததற்காக, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

விருது வேறு, தெரு வேறு. ஒரு கல்லூரிக் கலைவிழாவில் கிடார் வாசிக்கிறவன் தப்பினால் கூட்டம் அவன் வாசிப்பைக் கிண்டல் செய்யும். பறை அடிக்கிறவன் தப்பினால் சில நேரம் வேறு எதையோ கிண்டல் செய்யும். கத்துகிறவருக்கு அது நினைவில்கூட இல்லாமல் இருக்கலாம். கேட்கிறவனுக்கு இருக்கும்.

அப்படியானால் எல்லோருக்கும் எப்போதும் கைதட்ட வேண்டுமா? வேண்டாம். டிவி பாட்டுப் போட்டிகளில் சுருதி விலகிய பிள்ளைக்கும் “சூப்பர், செம்ம, கொன்னுட்ட” என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைகளுக்கே இப்போது மதிப்பில்லை. நல்ல கூட்டம் என்பது தராசு மாதிரி இருக்க வேண்டும். ஆனால், தராசுக்குச் சத்தம் போடத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. நன்றாக இல்லையென்றால் அமைதியாக இருக்கலாம். ஆயிரம் பேர் அமைதியாக இருந்தால் மேடையில் இருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கும். இதைச் சென்னை ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறது. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். இலக்கு 271. சச்சின் 136 அடித்து அவுட்டாக, கொஞ்ச நேரத்திலேயே இந்தியா 258-க்குச் சுருண்டது. தோல்வி 12 ரன்னில். மைதானமே ஊமையானது. பிறகு, ஜெயித்தவர்களுக்காக எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள்.

கத்தியே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் இலக்குகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று மணி நேரம் தாமதமாக வருகிற சிறப்பு விருந்தினர் இருக்கிறார். சொந்த ஊர்க் குழுவுக்கு மார்க்கை அள்ளிப் போடுகிற நடுவர் இருக்கிறார். பிள்ளைகளுக்குத் தண்ணீர்கூட வைக்காத விழாக் குழு இருக்கிறது. ரிங் ஓரத்துப் பழைய ரசிகர்கள் கத்தியதில் நல்ல பகுதி இவர்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான். வடசென்னைக் குரலுக்கு அந்த வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

இப்போது அந்த ‘ஊ...’ மைதானத்தோடு நிற்பதும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் போனை உயர்த்திக்கொண்டே பார்க்கிறார்கள். குச்சி கைநழுவி விழுகிற அந்த இரண்டு நொடி மட்டும் வெட்டப்பட்டு, வடிவேலு வசனம் சேர்க்கப்பட்டு, இரவுக்குள் ஏரியா வாட்ஸ்அப் குரூப்புகளைச் சுற்றிவிடும். முன்பெல்லாம் ஊர்வலம் திரும்பியதும் மறந்துபோன தப்படி, இப்போது திங்கட்கிழமை வகுப்பறையில் அவனுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பிராக்டிஸுக்கு டிரம்மை இறக்கிவைத்துவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பையனின் சைக்கிள் வருகிறதா என்று பேண்டு மாஸ்டர் பார்த்துக்கொண்டு நிற்பார்.