நிற்கிற விதம்

கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நண்பர் எஸ்டேட் அலுவலர். மைதானம், தோட்டம், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். சென்ற மாதம் போனில் பேசியபோது பாதி நேரம் ஒரு வண்டியைப் பற்றியே புலம்பினார். கிரிக்கெட் மைதானத்துக்கென்று வாங்கிய, உட்கார்ந்து ஓட்டுகிற டீசல் புல்வெட்டி. மூன்று சிலிண்டர். கொடுத்த விலைக்கு நல்ல டிராக்டரே வாங்கியிருக்கலாம். மீட்டரில் முப்பது மணி நேரம்கூட ஏறவில்லை, அதற்குள் நடு மைதானத்தில் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. டீலர் ஆட்கள் வந்து ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு மறுபடி வந்து, டீசல் சரியில்லை, அதனால் பம்ப் போய்விட்டது, இது வாரண்டியில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புதுப் பம்புக்கு அவர்கள் சொன்ன தொகை, அந்த வண்டியை ஓட்டுகிற தம்பியின் பல மாதச் சம்பளம்.

“சுந்தராபுரத்துல ஒரு பம்ப் ரூம் மேஸ்திரி இருக்கார். கூட்டிட்டு வரப் போறேன். நீங்களும் வாங்க, எழுத ஏதாவது கெடைக்கும்” என்றார் நண்பர்.

பம்ப் ரூம் என்பது லாரிக்காரர்களுக்கும் டிராக்டர்காரர்களுக்கும் தெரிந்த இடம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு இறுக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த இறுக்கத்துக்கு எதிராக, சரியான நொடியில், சொட்டு அளவு டீசலைப் புகையாகச் சீற்ற வேண்டும். சீற்றுவது நாசில், அதற்கு அளந்து தள்ளுவது பம்ப். இந்த இரண்டையும் பழுது பார்ப்பதற்கென்றே தனித் தொழில் உண்டு. 1951-ல் பெங்களூரில் டீசல் பம்ப் செய்யும் மைக்கோ கம்பெனி தொடங்கிய பிறகு ஊர் ஊராக வளர்ந்த தொழில் அது.

மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. கையில் ஒரு துணிப்பை மட்டும். வண்டியைச் சுற்றி வந்தார். பம்பின் மேல் இருந்த ஈய சீலைக் குனிந்து பார்த்தார். “இதைத் தொடப் போறதில்லீங்க சார். மொதல்லயே சொல்லிப் போடறேன்” என்றார். பிறகு ஓட்டுகிற தம்பியைக் கூப்பிட்டார்.

“எப்படி நின்னுச்சு கண்ணு?”

“நின்னுருச்சுங்ணா.”

“நின்னுச்சு, சரி. எப்படி நின்னுச்சு?”

தம்பிக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும்தான். மேஸ்திரி புல்லில் உட்கார்ந்துகொண்டு விளக்கினார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்ததுதான்.

சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் அது கரண்ட். இந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேடு சுற்றும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். யாரும் பிளேடுக்கு அடியில் விழுந்துவிடக் கூடாதே என்ற பாதுகாப்பு. ஒல்லியான ஆள் ஓட்டி, மேடு பள்ளத்தில் உடம்பு துள்ளினாலும் அந்தச் சுவிட்ச் ஆள் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். டீசலை அடைக்கிற சொலினாய்டுக்குப் போகும் ஒயர் லூசாக இருந்தாலும் இதே மாதிரி நிற்கும். கறுப்புப் புகை தள்ளி, முக்கி முக்கி நின்றால் பாரம்: ஈரப் புல் பிளேடு டெக்குக்குள் அடைத்திருக்கும், அல்லது ஒரே வெட்டில் மட்ட வெட்டாகப் போட்டிருப்பார்கள். சூட்டு முள் ஏறி நின்றால் ரேடியேட்டர் வலையில் புல் தூள். இந்த மூன்றும் இல்லாமல் ரேஸ் தானாக ஏறி, தானாக இறங்கி, இழுத்து இழுத்து அடங்கினால் டீசல் லைன்.

“அதேதானுங்ணா! ஏறுது, எறங்குது, அப்புறம் சொணங்கி அடங்கிருது” என்றான் தம்பி. டீலர் ஆட்கள் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லையாம். லேப்டாப்பில் மணிக்கணக்கைக் குறித்துக்கொண்டு போனார்களாம்.

மேஸ்திரி எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் பாதி திருப்பச் சொன்னார். டாங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சின்ன கரண்ட் பம்ப் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. லைன் நிறைந்திருந்தால் அந்த அடி நிதானமாகிவிட வேண்டுமாம். இது நிதானமாகவில்லை. அவர் முகத்தில் திருப்தி. டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் டாங்கில் வெற்றிடம் கூடி டீசல் வராது. அதில் குறை இல்லை.

துணிப்பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு முழ நீளத்துக்கு லெவல் ட்யூப். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிற அதே கண்ணாடி ட்யூப், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது. டீசல் பட்டுக் கொஞ்ச நாளில் விறைத்துப்போகும். வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த துண்டு எடுத்துக்கொள்வாராம். அவரிடம் இருந்த பரிசோதனைக் கருவி அவ்வளவுதான். கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்புக்கு முன்னால் அந்த ட்யூபை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். பிளேடு டெக்கை இறக்கச் சொன்னார். சில நிமிடம் ஒன்றுமில்லை. டீசல் வெளிர் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பொடிப்பொடியாகக் குமிழ்கள். கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து விரல் நுனி அகலத்துக்கு ஓடத் தொடங்கியதும் ரேஸ் தள்ளாடியது. தம்பி “இதான், இதான்!” என்று கத்தினான்.

டீசலை அழுத்தினால் கிட்டத்தட்டச் சுருங்காது, காற்று சுருங்கும். நாசில் திறப்பதற்கு இந்த ரக எஞ்சினில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 140 கிலோ அழுத்தம் வேண்டும். இடையில் ஒரு குமிழ் புகுந்தால் பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. நாசில் திறப்பதில்லை. பம்ப் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

காற்று எங்கே நுழைகிறது? ட்யூபை டாங்க் பக்கம் மாற்றி மாட்டினார், அங்கே சுத்தம். ஆக, டாங்குக்கும் கரண்ட் பம்புக்கும் நடுவில். ஆனால் வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஈரமே இல்லை. “இளநியில போடற ஸ்ட்ரா நடுவுல ஓட்டையா இருந்தா இளநி வெளிய ஒழுகுமாங்க? காத்துதான வாய்க்கு வரும்” என்றார். இழுக்கிற பக்கத்து ஓட்டை அப்படித்தான். கிரீஸை விரலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பாக அப்பிக்கொண்டே போனார். இணைப்புகளில் ஒன்றும் மாறவில்லை. ஹோஸ் வளைகிற இடத்தில் அடிப்பக்கம் தடவியதும் குமிழ் நின்றது.

ஹோஸைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். டெக்கைத் தூக்கி இறக்குகிற கையின் இரும்பு விளிம்பில் உரசி உரசி, ஒரு நகம் அளவுக்கு ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது. நேராகப் பிடித்தால் வெடிப்பு தெரியவில்லை. வளைத்தால் வாய் திறந்தது. டெக் இறங்கினால் ஹோஸ் வளையும், சூடேறினால் ரப்பர் இளகும். அதனால்தான் வேலை செய்கிறபோது மட்டும் நின்று, ஆறினால் ஓடியிருக்கிறது. அந்த ஹோஸை விளிம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப் இருக்க வேண்டும். சேஸிஸில் அதற்கான துளை இருக்கிறது. கிளிப், டூல் பாக்ஸில் கையேட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கிடந்தது. மரப்பெட்டியில் வந்த வண்டிக்கு சீட்டும் ஸ்டியரிங்கும் மாட்டிக் கொடுத்தவர்கள் இதை மாட்டவில்லை.

பெல்ட் இழுவை, பிளேடு போல்ட் இறுக்கம், ஹைட்ராலிக் ஆயில் மட்டம் என்று இன்னும் சிலதைச் சரிபார்த்தார். எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. ஷெட்டில் மூலையில் கிடந்த பழைய உருளைப் புல்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் காப்புரிமை வாங்கியது இந்த உருளை அமைப்புக்குத்தான். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டும் இயந்திரத்திலிருந்து எடுத்த யோசனை. மில்லுக்குப் பேர் போன கோவையில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் மேஸ்திரியின் பம்ப் ரூமுக்குப் போனோம். ஜன்னல் திறக்காத அறை. தூசி ஆகாது. தட்டில் டீசலில் ஊறிக்கொண்டிருந்த, பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சரையும் அதன் உறையையும் எடுத்து, சாய்த்துப் பிடித்தார். பிளஞ்சர் தன் எடையிலேயே, மெதுவாக, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப் போல இருபது முப்பது மடங்கு வரும். ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் உறையில் போடக் கூடாது. ஜோடியாகவே பிறந்து ஜோடியாகவே குப்பைக்குப் போக வேண்டியவை.

பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் அவர். முதல் சில வருடங்கள் கழுவுகிற வேலை மட்டும். நாசில் டெஸ்டரில் கை வைக்கவே அவருடைய மேஸ்திரி விடமாட்டாராம். அதன் கைப்பிடியை அழுத்தும்போது அறையில் யாரும் பேசக் கூடாது. நல்ல நாசில் கிறீச்சென்று விட்டு விட்டுக் கத்தும்; கெட்டது சும்மா ஒழுகும். சீறுகிற டீசலுக்கு முன்னால் கையை நீட்டவும் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். இடது ஆள்காட்டி விரலில் டாக்டர் கீறிய தழும்பை நீட்டினார்.

அப்போதெல்லாம் கோடையில் தூக்கமே கிடையாதாம். திருச்செங்கோடு போர்வெல் வண்டிகள் ஊர் ஊராகத் துளை போடுகிற காலம்; பம்புகள் சாக்கில் சுற்றி பஸ் பார்சலில் வந்து இறங்கும், விடிவதற்குள் அடுத்த பஸ்ஸில் ஏற்ற வேண்டும். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் வேறு. “சோத்துக்குக் கொறையில்லீங்க” என்றார்.

பிறகு 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வண்டிகளுக்கு பிஎஸ்-4 புகை விதி வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. அந்த விதிகளோடு பரவிய காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். எவ்வளவு டீசல், எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகை குறைந்தது, அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கேனர் வேண்டும், கம்பெனி பாஸ்வேர்டு வேண்டும், இன்ஜெக்டரைப் பிரிக்காமல் மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. இவரிடம் வேலை கற்ற பையன்களில் ஒருவன் இப்போது சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஜெனரேட்டர், பவர் டில்லர், பழைய டிராக்டர், அதோடு இந்தப் புல்வெட்டி மாதிரியானவைதான் மிச்சம். புத்தம்புது பெயின்ட் அடித்த வண்டிக்குள் அவருடைய பழைய பம்ப் உட்கார்ந்திருக்கிறது; அதுவும் எத்தனை நாளைக்கோ.

எனக்குக் கோபம் கம்ப்யூட்டர் மேல் இல்லை. இயந்திரத்தைச் செய்தவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பாகம் விற்றே பிழைக்கிற ஏற்பாட்டின் மேல்தான். டீலர் அனுப்புகிற பையன் ஐடிஐ முடித்து வந்தவன், கெட்டிக்காரனாகவே இருப்பான். ஒரு நாளில் இத்தனை இடத்துக்குப் போக வேண்டும் என்று அவனை விரட்டுகிறார்கள். அரை மணி நேரம் குமிழைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு அனுமதி இல்லை. பாகம் மாற்றினால் டீலருக்குக் கமிஷன் உண்டு. மாற்ற வேண்டாம் என்று கண்டுபிடித்தால் யாருக்கும் காசு இல்லை. வாரண்டி என்ற பெயரில் வாங்கியவனுடைய கையைக் கட்டிப்போட்டுவிட்டு, பழுதுக்கு அவனுடைய டீசலையே குற்றவாளியாக்குகிறார்கள். ஒரு கல்லூரி இதைத் தாங்கும். கடன் வாங்கி டில்லர் எடுத்த விவசாயி என்ன செய்வான்?

டிராக்டர் பாகக் கடையில் வாங்கிய ஹோஸுக்கும் சேர்த்து மேஸ்திரி எண்ணூறு ரூபாய் கேட்டார். ஜிஎஸ்டி பில் இல்லாததால் கணக்குப் பிரிவு ஏற்கவில்லை. எரு, பூச்சி மருந்தோடு சேர்த்துத் தோட்டச் சில்லறைச் செலவில் எழுதினார் நண்பர். வண்டி இப்போது நிற்காமல் ஓடுகிறது. பிரிக்காத கவரோடு கிளிப்பைப் படம் எடுத்து அவர் டீலருக்கு அனுப்பியிருக்கிறார். வெளியாள் கைவைத்த வண்டி என்று ஒரு வரி பதில் வந்தது. கிளிப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஐம்பது மணி நேர முதல் சர்வீஸ் நெருங்குகிறது. அதற்கு அவர்களைத்தான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்ச வாரண்டியும் போய்விடும்.